கட்டை விரலில் ஒரு வெள்ளைக் கோடு

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். வேலைக்குச் சேர வருகிறவர்களின் சான்றிதழ் அசல்தானா, சொன்ன இடத்தில் சொன்ன காலம் வேலை பார்த்தார்களா, இன்டர்வியூவில் பேசிய ஆளும் சேர வந்திருக்கும் ஆளும் ஒருவர்தானா என்று பார்ப்பது என் பொறுப்பு. கடைசியில் சொன்னேனே, அந்த ஆள் மாறாட்டத்துக்கு எங்கள் ஆபீஸில் ப்ராக்ஸி என்று பெயர். கெட்டிக்காரன் ஒருவன் பதில் சொல்லி வேலையை வாங்கிவிடுவான். வேறொருவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காருவான். அப்படி வந்தவர்களை நிறையப் பிடித்திருக்கிறேன். இந்தப் புத்தி ஆபீஸோடு நின்றாலும் பரவாயில்லை. காய்காரர் ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா போட்டால்கூட, எதற்குப் போட்டார் என்று வீட்டுக்கு வந்ததும் தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன்.

இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாழ்நாளில் சோதித்துப் பார்த்ததில்லை. அது அப்பாவின் தாத்தா.

ஜீவனஹள்ளியில் நானும் அப்பாவும் மட்டும் இருக்கிறோம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே ஃபேக்டரி வேலைக்கு வந்து, ரிட்டயர் ஆகி, அம்மாவையும் அனுப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர். யார் எதைப் பேச ஆரம்பித்தாலும், மூன்றாவது நிமிஷத்தில் "எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தவரு" என்று வந்து நிற்பார். முதல் உலகப் போரில் தாத்தா இராக்கில் இருக்கும் பஸ்ரா வரைக்கும் போனவர். அதற்கு ஒரு வெள்ளி மெடல் சாட்சி. அதன் விளிம்பில் தாத்தாவின் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் அப்பா அதை எடுத்துத் திருநீறு போட்டுத் தேய்ப்பார். காலை ஐந்து மணிக்கு எழுவது, போர்வையைக் கோடு பிசகாமல் மடிப்பது, தட்டில் ஒரு பருக்கை விடாதது எல்லாம் அந்த ரத்தம் என்பார். நான் கணக்கில் தோற்றபோதும் அம்மா போனபோதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "நாம பட்டாளத்தான் வீட்டு ஆளுங்க."

போன வருடம் எங்கள் ஊர்க்காரர்கள் பெங்களூரில் வைத்திருக்கும் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஊரிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்களின் பெயரை வெட்டி, ஊர் பஸ் ஸ்டாப்பில் கல் வைப்பது. அதற்கு முன்னால் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு ஸ்கூல் ஹாலில் கூட்டம். பெயரை வாசிப்பார்கள், வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து போய்ச் சால்வை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா அன்றைக்கே வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டார். ஆதாரம் இருப்பவர்கள் வாட்ஸப் குரூப்பில் போடுங்கள் என்றார்கள். தகரப் பெட்டியிலிருந்து தாத்தாவின் பட்டாள டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்து, மெடலோடு சேர்த்துப் படம் பிடித்துப் போட்டேன். இங்கிலீஷில் அச்சடித்த காகிதம். பெயர், தகப்பன் பெயர், ஊர், நம்பர், கீழே ஒரு இடது கட்டை விரல் ரேகை. மெடலில் உள்ள பெயரும் நம்பரும் காகிதத்தோடு அச்சாகப் பொருந்தின. ஆபீஸாக இருந்தால் பச்சை டிக் போட்டிருப்பேன்.

மறுநாள் மெட்ரோவில் நின்றுகொண்டு வரும்போது ஒரு புது நம்பரிலிருந்து போன்.

"அம்மா, ஒக்கலிபுரத்துல இருந்து பேசறேன். உங்க அப்பாவோட தாத்தாவுக்குத் தம்பி ஒருத்தர் இருந்தாரே, அவரோட பேரன். உங்க அப்பாவுக்கு நான் தம்பி முறை."

"சொல்லுங்க சார்" என்றேன். முறைப்படி சித்தப்பா என்றிருக்க வேண்டும். டாக்குமென்ட் பார்க்காமல் நான் யாரையும் சித்தப்பா என்பதில்லை.

"நீங்க குரூப்புல போட்ட பேப்பர்ல கைநாட்டு இருக்குது பாருங்க. அது பெரியவரோடது இல்லம்மா. எங்க தாத்தாவோடது."

அடுத்த ஸ்டேஷன் எது என்று கவனிக்கவில்லை. இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் மனசு கணக்குப் போட்டது. ஊரில் மிச்சமிருக்கும் கால் ஏக்கர் மானாவாரியா? சால்வையா? சங்கத்தில் பதவியா? "உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டேவிட்டேன். "ஒண்ணும் வேணாம்மா" என்றார். ஒன்றும் வேண்டாம் என்கிறவர்களை விசாரிக்கத்தான் நான் கூடுதலாக இரண்டு போன் போடுவேன்.

அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தாத்தாவுக்குத் தம்பி இருந்ததும், பாகம் பிரித்த கையோடு அவர் பெங்களூருக்கு ரயிலேறியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த வழியோட நமக்குப் போக்குவரத்து இல்ல. எதுக்குக் கேக்கறே?" என்றார். சும்மா என்றேன். அப்பா நம்பவில்லை. என் புத்தி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

ஒக்கலிபுரத்துக்காரரை வீட்டுக்கு விடாமல், மெஜஸ்டிக்கில் ஒரு தர்ஷினி ஓட்டலுக்கு வரச்சொன்னேன். ஆதார் கார்டு எடுத்து வரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சொந்தக்காரரிடம் ஆதார் கேட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மனிதருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்தவர். கோபித்துக்கொள்ளவே இல்லை. ஆதாரையும், அவர் அப்பாவின் பழைய ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஊர்ப் பெயர் சரி, தாத்தா பெயர் சரி. எல்லாமே சரியாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது.

ஒன்றை இரண்டாகப் பங்கிட்ட பை டூ காபியை நின்றபடியே குடித்துக்கொண்டு அவர் சொன்னார். ஊரில் ஆள் எடுத்தபோது கணக்கில் ஏறியது மூத்தவரின் பெயர். புறப்பட வேண்டிய நாளில் மூத்தவரின் மனைவி பிரசவ வலியில் கிடந்தாள். இளையவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு வண்டியேறிவிட்டார்.

"வீட்டுக்கு ஒரு ஆளு, அவ்ளோதான் அவங்களுக்குக் கணக்கு. எந்த மூஞ்சின்னு யாரு பாத்தாங்க? நாலு வருஷம் அண்ணன் பேரைச் சொல்லித்தான் தாத்தாவைக் கூப்பிட்டிருக்காங்க. திரும்பி வந்தப்புறம் வெளிய சொல்ல முடியல. தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஜெயிலுன்னு பயம். பேர் அண்ணனோடது, அதனால பேப்பரும் மெடலும் அண்ணன் வீட்லயே இருக்கட்டும்னு விட்டுட்டாரு."

"இதுக்கெல்லாம் ப்ரூஃப் என்ன சார்?"

தன் இடது கட்டை விரலை நீட்டி, மற்றக் கை நகத்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "சின்ன வயசுல கருக்கரிவாள் பட்டு வெட்டினது. தழும்பு சாகற வரைக்கும் இருந்துச்சு. நீங்க போட்ட ரேகையில ஒரு வெள்ளைக் கோடு ஓடுது, ஸ்வல்ப பெருசு பண்ணிப் பாருங்க."

பார்த்தேன். சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதுவரை அது காகித மடிப்பு என்று நினைத்திருந்தேன். இவரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அதற்குத் தோதாகக் கதை கட்டியிருக்கலாமே என்று தோன்றியது. சொல்லவும் செய்தேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கட்டலாம். ஆனா கடைசி நாள்ல நான் பக்கத்துல இருந்தேன்மா. நினைவு தப்பிப் படுத்திருந்தாரு. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கண்ணைத் திறக்கல. எங்க பாட்டி காதுகிட்டப் போயி அண்ணன் பேரைச் சொன்னாங்க. டக்குனு கண்ணைத் திறந்து 'ஹாஜர்'னாரு, பட்டாளத்துல பேர் கூப்பிட்டா ஆஜர் சொல்ற மாதிரி. அதான் கடைசிப் பேச்சு. ஞாயித்துக்கிழமை ஹால்ல அந்தப் பேரைக் கூப்பிடும்போது நான் ஒரு மூலையில இருக்கணும். கல்லுல பேரை மாத்தச் சொல்லல. அவ்ளோதான்."

இதற்கு ஆதாரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. வீட்டுக்கு வந்து, அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பாகப் பத்திரம் கிடந்தது. நிலத்துக்கு அடிபோடுகிறாரா என்று பார்க்கத்தான் அதை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். மூத்தவர், எங்கள் தாத்தா, திருத்தமான தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே இளையவரின் கட்டை விரல் ரேகை. அதில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதே கோடு, அதே சாய்வு. அத்தனை அழகாகக் கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர் பட்டாளத்தில் ஏன் கைநாட்டு வைத்தார் என்று, இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தும், இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊர்ப்பட்ட ப்ராக்ஸிகளைப் பிடித்தவளின் வீட்டுப் பெட்டியிலேயே ஒரு ப்ராக்ஸி நூறு வருடமாக உட்கார்ந்திருந்தது. தாத்தா போரைப் பற்றி வாயே திறக்க மாட்டாராம். மனுஷன் எவ்வளவு பார்த்திருந்தால் இப்படி வாயடைத்துப் போயிருப்பார் என்று அப்பா உருகுவார். முந்தைய ப்ராஜெக்ட்டைப் பற்றி வாய் திறக்காத ஆளை நான் ஆபீஸில் அரை மணி நேரத்தில் பிடித்திருப்பேன்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நாலு நாள் தவித்தேன். பயமாக இருந்தது. அந்த மனிதரிடமிருந்து பட்டாளத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சொல்லாமல் விட்டால், ஹாலின் மூலையில் ஒருவர் உட்கார்ந்திருக்க, அப்பா எழுந்துபோய்ச் சால்வை வாங்குவதை நான் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும். வியாழக்கிழமை இரண்டு காகிதங்களையும் அவர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன்.

அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை. "என்னையே வெரிஃபிகேஷன் பண்றியா?" என்றார். பிறகு, "அவன் உனக்கு என்ன குடுத்தான்?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன்! என்னைக் கேட்டது அதுதான் முதல் முறை. "மையைத் தொட்டு வெச்சா யார் ரேகையும் ஒண்ணாத்தான் இருக்கும். எல்லாரையும் திருடனாப் பாக்கறதே உனக்குப் பொழப்பு" என்று சொல்லி எழுந்துபோனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை நான் காய் வாங்கிவிட்டுத் திரும்பியபோது தகரப் பெட்டி கட்டிலடியில் இடம் மாறியிருந்தது. செய்தித்தாள் படிக்கும் பூதக்கண்ணாடி அதன் மூடிமேல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா தயாரானார். மெடலைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆட்டோவில் முழுக்க வெளியே பார்த்தபடி வந்தார். சால்வையை வாங்கிக்கொண்டு மைக்கில் ஏதாவது பேசிவிடுவாரோ, அந்த மனிதரைப் பார்த்துச் சண்டைக்குப் போவாரோ என்று வழியெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹாலில் நாங்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஒக்கலிபுரத்துக்காரர் வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். நான் எழுந்துபோய், எங்களுக்குப் பின்வரிசையில் வந்து உட்காரச் சொன்னேன். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செக்ரெட்டரி பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ எழுந்தார்கள், கைதட்டினார்கள். ஆறாவதாகத் தாத்தாவின் பெயர்.

அப்பா எழவில்லை. மூட்டுவலி என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன். உதறினார். செக்ரெட்டரி எங்களைப் பார்த்துக்கொண்டே பெயரை இரண்டாம் முறை வாசித்தார். அப்பா நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பி, பின்வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, உங்க தாத்தாவைத்தான் கூப்பிடறாங்க. எழுந்திரு."

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஆதார் கேட்டவள் நான்தானே. "போங்க சித்தப்பா" என்றேன். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

அவர் எழுந்தார். மேடைக்கு நடப்பதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே கையை ஒட்டி வைத்துக்கொண்டு, "ஹாஜர்" என்றார். சத்தமே இல்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சால்வையோடு திரும்பி வந்தவரை அப்பா பக்கத்து நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அப்படியே அவர் மடியில் வைத்தார்.

"திருநீறு போட்டுத் தேய்க்கணும்" என்றார். "புளி போடாதே. பேர் அழிஞ்சிடும்."