எட்டுப் பெயரும் சிவப்புப் பென்சிலும்

எட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகத் 'தாய்மொழி' என்ற கட்டத்தில் 'தமிழ்'. அவற்றில் ஏழின்மேல் சிவப்புப் பென்சில் கோடு. அந்தத் தாளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஹைதராபாத்தில் நிஜாம் ஆட்சி நடந்த காலம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பை அடுத்த எங்கள் சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் மொத்தமே நாற்பது பிள்ளைகள் தேறமாட்டார்கள். பாதிக்குமேல் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் தெலுங்கு, இரண்டொரு மராட்டி. கடைசியில், சென்னை மாகாணத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பங்களின் பெண்கள் நாங்கள் எட்டுப் பேர். பாடமெல்லாம் உருதுவில். எட்டுப் பேர் இருந்தால்தான் தமிழில் சொல்லித்தரத் தனியாக ஒரு டீச்சர்.

எட்டாவது ஆள் என் பெரியப்பா மகள். தாயை இழந்து வேலூரிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். மற்ற ஏழு பேருக்கும் தெருவில் விளையாடியே உருது பழகியிருந்தது. அக்காவுக்குத் தமிழைத் தவிர ஒரு சொல் தெரியாது. "பள்ளிக்கூடம் நின்னா கல்யாணம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டிருந்தார். மாப்பிள்ளையும் தயார், இரண்டாந்தாரமாக. காய்ச்சலோடுகூட அக்கா வகுப்புக்கு வந்தது அந்தப் பயத்தில்தான்.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று எங்கள் தமிழ் டீச்சரம்மா, "என்ன கேட்டாலும் முழிக்காதீங்க, டக்குனு பதில் சொல்லுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். வந்தவர் உருதுவில் கேட்டார். முதல் பெஞ்சில் இருந்த நான் எழுந்து உருதுவிலேயே பொளந்து கட்டினேன். "உருது ஆதா?" என்று, உருது வருமா எனக் கேட்டார். "ஹவ் சாப், பராபர் ஆதா!" என்றேன், நன்றாகவே வரும் என்று. "ஷாபாஷ்!" அந்த ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு மற்ற ஆறு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். டீச்சரம்மாவின் முகம் வெளுத்ததை அப்புறம்தான் கவனித்தேன். அக்கா மட்டும் எழுந்து, தலை குனிந்தபடி நின்றாள்.

இவர்களுக்கு எதற்குத் தமிழ் டீச்சர் என்று கேட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். அவரைக் குறைசொல்லி என்ன பயன்? கண்ணால் கண்டதைத்தான் செய்தார். "சாப், இந்தப் பொண்ணுக்காகவாவது" என்று டீச்சரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஒருத்திக்காக வகுப்பு நடத்த முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

வகுப்பு மூடப்பட்டது. அக்காவைக் கல்யாணத்துக்கு அனுப்ப வேண்டாமென்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அண்ணன் பொண்ணு, அண்ணன் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். வேலூருக்கு ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனபோது, அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நல்லா பேசுன நீ! எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாம்டி" என்றாள்.

நேற்று பேரனின் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பினேன். 'தாய்மொழி' கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. "ஜல்தி லிக்கோ", சீக்கிரம் எழுது என்று அவன் அவசரப்படுத்தினான். 'தமிழ்' என்று எழுதினேன். அன்றைய தாளில் கோடு விழாத ஒரே பெயர் அக்காவுடையது. பள்ளியைவிட்டுப் போனவளும் அவள் ஒருத்திதான்.