அத்தாவின் உருண்டைத் தூண்கள்

எங்கள் வீட்டுப் போர்டிகோவின் இரண்டு உருண்டைத் தூண்களும் சவூதியில் இருந்த அத்தா போனிலேயே கட்டியவை. உச்சியில் பூவேலை, உடம்பெல்லாம் வரிவரியாக வார்ப்பு. கோட்டைப்பட்டினத்தில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படிக் கிடையாது. வீடியோ காலில் வந்ததும் எங்களை விசாரிப்பதற்கு முன் அத்தா தூண்களைத்தான் விசாரிப்பார்.

அந்தத் தூண்களிலிருந்து படிக்குக் கைப்பிடிக் கம்பி மாட்டியே தீருவேன் என்று அம்மா திடீரென ஒற்றைக்காலில் நின்றார். அத்தா ஊர் வரப் பத்து நாள்தான் இருந்தது. எனக்கு ஒன்பது வயது. மேல்படியிலிருந்து பக்கத்து மணலில் குதிப்பதே முழுநேரத் தொழில். கம்பி வந்தால் பிழைப்பில் மண். கோள்மூட்டுவதிலும் நான் கெட்டிக்காரி.

"அத்தா, அம்மா ஒங்க தூண்ல ஓட்டை போடப் போறாங்க."

அத்தாவின் முகம் சுண்டிப்போனது. "மூணு படி ஏற கம்பி எதுக்குங்குறேன்? அழகே போயிரும்."

"புள்ள குதிச்சுக் கால ஒடச்சுக்கும்ங்க" என்றார் அம்மா. பழி என் மேல். கோபத்தில் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் பரோட்டா வந்ததும் சமாதானமானது வேறு விஷயம்.

அத்தா பேச்சைத் தட்டியறியாத அம்மா மறுநாளே வெல்டிங் கடைக்காரரை வரவழைத்துவிட்டார். அவர் தூணைத் தட்டிப் பார்த்தார். "டிரில் போட்டா வரி பேந்துரும்க்கா. தட்டை இரும்பு உருண்டையில உக்காரவும் செய்யாது."

"ஓட்டை போடாம மாட்டுங்க தம்பி."

அவர் நூலால் சுற்றளவு எடுத்துப்போய், இரும்புப் பட்டையை இரண்டு அரைவட்டமாக வளைத்து வந்தார். உள்ளே சைக்கிள் டியூபை வைத்து, இரண்டையும் தூணோடு சேர்த்துப் போல்ட் போட்டு முடுக்கினார். கம்பியின் மேல்முனையை அதில் மாட்டி, கீழ்முனையைத் தரையில் சிமென்ட் வைத்து நிறுத்தினார். தூணில் ஒரு கீறல் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை. "நல்லாச் சாஞ்சு புடிச்சு ஏறுங்க தம்பி. ஆம்பள கனம் தாங்கும்ல?" என்று மூன்று முறை ஏறவைத்தார். என்னை யாரும் பிடித்துப் பார்க்கச் சொல்லவில்லை.

அத்தா வந்தார். காரிலிருந்து இறங்கியவர் தூண்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கம்பியைப் பிடித்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று ஏறினார். மேலே வந்து பட்டையைத் தடவி, "ஓட்டை போடலயா?" என்றார்.

"இல்லங்க."

"நல்லதாப் போச்சு" என்றவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மா பெட்டியை எடுக்கிற சாக்கில் அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். தூண்களைக் காப்பாற்றியது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முழங்கால் வலியை அத்தா சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. போனில் அவர் முகத்தை மட்டும்தான் காட்டுவார். ஒரே ஒருநாள் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்தவர், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் பார்த்தேன். சுவிட்சைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.