கொசுக்கடி ஆபரேஷன்

என் தம்பி பெயிண்டர். சுவருக்கு யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள்; சீலிங் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வருடக்கணக்காக அண்ணாந்தபடி ரோலரைத் தலைக்கு மேல் பிடித்தே பிழைத்தவன். ஒரு நாள் சாரத்தில் பலகை நழுவ, வலது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். உயிர் தப்பியது. ஆனால் தோள்பட்டையில் தசைநார் எலும்பை விட்டுப் பிய்ந்துபோனது. அதற்குப் பிறகு அந்தக் கையால் தலைகூடச் சீவ முடியவில்லை.

"பெருசா கிழிக்க மாட்டோம். சின்னதா ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பாத்து, நாரை எலும்போட சேத்துத் தச்சிடுவோம்," என்றார் டாக்டர். "வெளிய சீக்கிரம் ஆறிடும். உள்ள ஒட்டுறதுக்குத்தான் மாசக்கணக்காகும். நான் சொல்ற வரைக்கும் கையை நீங்களா தூக்கவே கூடாது." நானும் கூட நின்று கேட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வினையே அங்கேதான். தையல் பிரித்ததும் பார்த்தால், தோளில் மூன்று புள்ளி, அவ்வளவுதான். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவனைப் படு, படு என்று சொல்லும் ஜனம், இவனை ஏற இறங்கப் பார்த்தது.

"கொசு கடிச்சதுக்கெல்லாமா லீவு, மாப்ள?" என்று கேட்டார் அவன் மனைவியின் அண்ணன். இவனுக்கு வேலை கொடுக்கிற கான்ட்ராக்டரும் அவர்தான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் தம்பியும் சேர்ந்து இளித்தான். ரோஷம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு வெட்கம்தான் வரும். பிறவிக் குணம்.

வலியும் குறைந்திருந்தது. கையைத் தாங்கிய பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

"அறிவிருக்காடா உனக்கு? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கத்தினேன்.

"சும்மா கூட நிக்கத்தான்க்கா. அதான் ஆறிடுச்சே, பாரு," என்று சட்டையை விலக்கிக் காட்டினான்.

கூட நிற்கப் போனவன் ரோலரை எடுத்துவிட்டான். ஒரு அறையின் சீலிங் பாதி முடிவதற்குள் உள்ளே ஏதோ விட்டுப்போனது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தைத்த இடம் அறுந்து, நார் சுருங்கி உள்ளே போய்விட்டதாம்.

"இனிமே இழுத்துத் தைக்க அங்க ஒண்ணும் மிச்சமில்லம்மா," என்றார் என்னிடம். கை இனி தோளுக்கு மேல் எழும்பாது.

கான்ட்ராக்டர் பார்க்க வந்தார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தப்பு அந்த டாக்டர் மேலதான் மாப்ள. நல்லா பெருசா கிழிச்சுத் தச்சிருந்தா, நாங்களே உன்னைப் படுன்னு சொல்லியிருப்போம்ல?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் தம்பி முந்திக்கொண்டான்.

"ஆமா மச்சான். நீங்க சொல்றதும் நியாயந்தான்."