காற்றுக்குப் பூட்டுப் போட்டவர்

கண்டாவளையில் தில்லைநாதர் வீடு எது என்று ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. உச்சி வெயிலிலும் யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியபடி ஒரு வீடு நிற்கும், அதுதான். ஊர்ச்சனம் மத்தியானத்தில் மாமர நிழலுக்குப் பாயை இழுத்துக்கொண்டு போக, இந்த மனுசன் மட்டும் உள்ளே பூட்டிக்கொண்டு ஃபானுக்குக் கீழே வேர்த்து வடிந்துகொண்டிருப்பார். ஏனென்று கேட்டால், "வெளியில புழுதி" என்பார்.

புழுதி பொய்யில்லை. வீட்டுக்கு முன்னால் போவது கிரவல் வீதி. டிப்பர் ஒன்று போனால் எதிர்வீட்டுக்காரர் முகம் தெரியக் கொஞ்ச நேரம் செல்லும். ஆனால் அதே வீதியில்தான் மற்றச் சனமும் இருக்கிறது. அவர்கள் யன்னலைத் திறந்துவைத்து, புழுதியை வாய்நிறையத் திட்டிக்கொண்டு சுகமாகச் சீவிக்கிறார்கள். தில்லைநாதர் அப்படியா? வீடு கட்டும்போது யன்னலுக்கு மேலே மேசன் விட்ட காற்றுத் துவாரங்களை எல்லாம் சீமெந்து வைத்து அடைப்பித்தார். கண்ணாடி ஓரமெல்லாம் பசை பூசுவித்தார். கதவுக்கு அடியில் றப்பர் பட்டி அடித்தார். குடிபுகுந்த அன்று பந்தியில் வைத்து, "இனி என்ர வீட்டுக்குள்ள காத்தெண்டாலும் என்னட்டைக் கேட்டுத்தான் வரவேணும்" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். கேட்ட சனம் வடையைக் கடித்துக்கொண்டு சிரித்தது.

அதற்காக அவரைக் கூடாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அச்சா மனுசன். தகப்பன் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணியாக்கியவர். மகனான இவர் சண்டைக் காலத்தில் அந்தக் காணியை விட்டு ஓடி, திரும்பி வந்து, பற்றை வெட்டி மறுபடியும் நெல் விதைத்தவர். எந்த வரம்பில் நண்டுப் பொந்து இருக்கிறதென்று இருட்டிலும் காலால் தடவிச் சொல்லுவார். வரம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிய விடாதவர் சுவரில் காற்றைக் கசிய விடுவாரா? ஆனால் பாருங்கள், வயலில்கூடத் தண்ணீர் வடியவென்று வரம்பில் ஒரு வாய் வெட்டி விடுவார்கள். வீட்டுக்கு அந்த வாய் வேண்டுமென்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை. ஊசி போகிற இடம் பார்ப்பவருக்கு உலக்கை போகிற இடம் தெரியாது என்பது சும்மாவா?

பாடுபட்டது மனைவி அருந்ததி. பொரிக்கிற எண்ணெய்ப் புகை, சாமிப்படத்துச் சாம்பிராணி, பின்னேரம் கொளுத்துகிற நுளம்புத்திரி, எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேதான் சுற்றிச் சுற்றி நின்றன. முதலில் இருமல் வந்தது. பிறகு மூச்சு இழுக்கிற முட்டு வந்தது. ரைல்ஸ் பதித்த புதுக் குசினியை விட்டுவிட்டு, அதன் பின்சுவரோடு ஒரு கொட்டில் போட்டு அங்கே சமைக்கத் தொடங்கினாள். கிளினிக்கில் பார்த்த டொக்டர் பிள்ளை, "அம்மா, உங்கட வீட்டில யன்னலே இல்லையோ?" என்று கேட்டது. "இருக்குது பிள்ளை, பார்க்கிறதுக்கு" என்றாள் அருந்ததி.

வவுனியாவில் இருக்கிற மகள் கௌசலாவுக்கு இது காதில் விழுந்ததும் பொறுக்கவில்லை. "அப்பா, நீங்கள் உங்கட பெட்டகத்துக்குள்ள இருங்கோ. நான் சனிக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். இனி அவா என்னோடதான்" என்று போனில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னாள். அருந்ததியும் மறுக்கவில்லை. உடுப்புப் பையை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

தில்லைநாதருக்குப் பகீரென்றது. யாருக்கென்று கட்டிய வீடு இது? அருந்ததி இல்லாத வீட்டுக்குள் அவர் எந்தப் புழுதிக்குப் பயந்து கதவைப் பூட்டுவது? விசாரித்தார். குசினிச் சுவரில் எக்சோஸ்ற் ஃபான் பூட்டினால் புகை போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். அன்றே வயரிங் வேலை செய்கிற ஜனார்த்தனனைப் பிடித்தார். அவன் ஏறி வேலை முடிக்கிற நேரம் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற பொழுது. அந்த நேரம் பார்த்துத்தான் மனுசனுக்கு ஒரு யோசனை வந்தது.

"தம்பி, இது காத்தை எங்க தள்ளும்?"

"வெளியிலதான் ஐயா."

"வெள்ளிக்கிழமை பொழுதுபட்டா நாங்கள் ஒரு பிடி உப்புக்கூட வெளியில குடுக்கிறேல்லை. முதன்முதல் போடேக்கையே வீட்டில இருக்கிறதை வெளியில தள்ளுறதோ? திருப்பிப் பூட்டும்."

"ஐயா, இது புகையை வெளியில அனுப்புற சாமான்."

"புகையோட சேர்ந்து லட்சுமியும் போனா நீரோ கூட்டிக்கொண்டு வந்து விடுவீர்?"

ஜனார்த்தனன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆளோடு ஏணியில் நின்று வாதாட முடியுமா? திருப்பிப் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

சனிக்கிழமை கௌசலா வானோடு வந்து இறங்கினாள். வவுனியாவில் கடை மிளகாய்த்தூள் வாயில் வைக்க முடியாதென்று அருந்ததிக்கு வீட்டுத்தூள் கொண்டுபோக வேண்டும். முட்டுக்காரி வறுக்கக் கூடாதென்று பக்கத்து வீட்டு அழகம்மா வந்து, கொட்டிலில் தாச்சியை வைத்துச் செத்தல் மிளகாயைப் போட்டுப் பிரட்டினாள். அருந்ததி தூரத்தில் மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தாள்.

தில்லைநாதர் மகளைக் குசினிக்குள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "இஞ்ச பார் பிள்ளை, அப்பா என்ன பூட்டியிருக்கிறன் எண்டு. இனி அம்மா எங்கயும் போகத் தேவையில்லை" என்று சுவிச்சைப் போட்டார்.

ஐயோ, அந்தக் கொட்டில் இருந்தது ஃபானுக்கு நேர் வெளியே! வறுபடுகிற மிளகாயின் நெடி முழுவதையும் அது ஒரு துளி விடாமல் இழுத்து வீட்டுக்குள் கொட்டியது. கௌசலா தும்மினாள். தில்லைநாதர் இருமினார். யன்னலைத் திறக்கப் பார்த்தார். அவரே பூசுவித்த பசை விடவில்லை. சுவிச் எங்கே இருக்கிறதென்று கண் தெரியவில்லை. நெஞ்சு அடைத்தது. மூச்சை இழுத்தால் உள்ளே போக ஒன்றுமில்லை. இதைத்தானா இவள் ஒவ்வொரு இரவும் பட்டாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகள் கதவை உதைத்துத் திறக்க, இரண்டு பேரும் முற்றத்தில் வந்து விழாத குறையாக நின்றார்கள்.

அழகம்மா அகப்பையோடு ஓடிவந்தாள். "என்னங்க ஐயா, மொளகா வறுக்குறது நானு, இருமுறது நீங்களா?" என்றாள்.

அருந்ததி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து புருசனிடம் நீட்டினாள். "இப்ப விளங்குதோப்பா? உங்களுக்கு ஒரு நாள். எனக்கு ஒவ்வொரு நாளும். ஏன்தான் இப்பிடி அடைச்சு வைச்சனீங்களோ!"

தில்லைநாதர் தண்ணீரைக் குடித்தார். கண்ணைத் துடைத்தார். அது மிளகாய்க் கண்ணீரா என்று எனக்குத் தெரியாது.

"நீர்தானே சொன்னனீர்."

"நானோ? எப்ப?"

"முகாமில. தறப்பாள் கூரை காத்தில பிய்ஞ்சு பறந்த அண்டு. பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு நனைஞ்சுபோய் இருந்தனீர். 'ஒரு காலத்தில வீடு கட்டினா, காத்துப் பூராத வீடாக் கட்டுங்கோ' எண்டு சொன்னனீர். அண்டைக்கே நினைச்சனான்."

அருந்ததிக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. மடியில் இருந்த பிள்ளை இப்போது வான் சாவியோடு பக்கத்தில் நிற்கிறது.

"எட விசர் மனுசா," என்றாள் அருந்ததி. "காத்து வரக்கூடாது எண்டுதானே சொன்னனான். போகவும் கூடாது எண்டு சொன்னனானோ?"

தில்லைநாதர் எழுந்து போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்தார். ஜனார்த்தனனைக் கூப்பிட்டு ஃபானைத் திருப்பச் சொன்னார். வெளியே தள்ளினால் உள்ளே வரவும் வழி வேண்டும் என்று அவன் இந்த முறை பயப்படாமல் சொன்னான். அவர் ஏணியில் ஏறி, தான் அடைப்பித்த துவாரங்களைத் தானே உடைத்தார். புழுதிக்கும் நுளம்புக்கும் வலை அடித்தார்கள். பொழுதுபட முன்னம் விறாந்தைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் காற்று யாரையும் கேட்காமல் உள்ளே வந்து குசினி வழியே வெளியே போனது.

அன்று கௌசலா வவுனியாவுக்குக் கொண்டுபோனது தூள் போத்தலை மட்டும்தான்.

இப்போதும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் தில்லைநாதர் மெல்லப் போய், லட்சுமி வெளியே போய்விடாமல் அந்த ஃபானை நிப்பாட்டுவார். அருந்ததி, சாம்பிராணிப் புகை போகட்டுமென்று பின்கதவை அகலத் திறந்து விட்டுவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருப்பாள்.