விற்காத தயிர்

சென்ற வருடம் சித்திரை மாதம். நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டிக்கு முன்னால், புதுவாயல் கூட்ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில். வளைகாப்பு முடிந்து, முதல் பிரசவத்துக்காக மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து, எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கித் தங்கிய பிள்ளை. அவள் தும்மினால்கூட எனக்குப் படபடப்பாக இருக்கும்.

மறுவாரமே அவளைப் பார்க்கத் திருவள்ளூரிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கம் சொல்லிவைத்து நாட்டுக்கோழி வாங்கி, விடியற்காலையிலேயே எழுந்து மசாலா அரைத்து, பெரிய குண்டான் நிறையக் குழம்பு வைத்திருந்தேன். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னா சம்மந்தி, கறியா ஆக்கிக்கிறீங்க? இன்னிக்கி கிருத்திகையாச்சே!" என்றார் சம்பந்தியம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க போன்ல சொல்லவே இல்லியே?"

"திருத்தணி முருகன பக்கத்துல வெச்சிக்கினு இத வேற போன் போட்டு சொல்வாங்களா? சுவத்துல காலண்டர் மாட்டிக்கிறீங்களே, அழகுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவசரமாக வேறு பாத்திரத்தில் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து போட்டேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என் மகளும் ரசம் சோறுதான் சாப்பிட்டாள். தண்ணீர் எடுக்கும் சாக்கில் சமையலறைக்கு வந்து, "ஒரே ஒரு பீஸும்மா, நின்னுக்கினே சாப்ட்டுட்டுப் போறேன்" என்று கெஞ்சினாள். "உங்க அத்த காதுல விழப்போது. நாளைக்கு ஃபுல்லா உனக்குத்தான். கம்முனு போ" என்று விரட்டினேன்.

அவர்கள் கிளம்பிய பிறகு, யார் கையும் படாத குழம்பை ஒரு கொதி விட்டு இறக்கினேன். சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்பது என் எண்ணம். வெகுநேரம் ஆறவிட்டு, இருட்டிய பிறகு குண்டானோடு உள்ளே தள்ளினேன். அன்று அரைத்த இட்லி மாவையும், புளித்துவிடாமல் இருக்கட்டும் என்று உடனே டப்பாவில் ஊற்றி, குண்டானுக்குப் பக்கத்தில் இடுக்கி வைத்தேன்.

மறுநாள் மகளுக்குத் திருவள்ளூரில் ஸ்கேன். என் கணவர் ஃபேக்டரிக்குப் போன கையோடு நாங்கள் இருவரும் பெரியபாளையம் வழியாகக் காரில் போனோம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன சந்தோஷத்தில் வழியெல்லாம் என் மகள் கோழிக்குழம்பைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். லைட் எரிந்தது, ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. திறந்தால், இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தது. டப்பாவில் அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். குண்டானைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். முதல் நாளைவிட மணமாக இருந்தது. அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டேன்.

"தொட்டுக்க வெங்காயப் பச்சடி வேணும்மா" என்றாள். வீட்டில் தயிர் இல்லை. கொதித்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, தெருமுனைக்குப் போனேன்.

அங்கே புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து வந்த குடும்பம். முக்காடு போட்ட சின்ன வயதுப் பெண் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். அதுவரை நான் அந்தக் கடைப் படி ஏறியதில்லை.

"தயிர் இல்லக்கா" என்றாள்.

"அதோ, கண்ணாடிக்குள்ள அடுக்கி வெச்சிக்கிறியே?"

"கீது. விக்கறதுக்கு இல்ல. காலைல போன கரண்ட்டு நாலு மணிக்குதான் வந்துச்சு. வெயிலு வேற. தொட்டா ஜில்லுன்னுதான் இருக்கும். ஆனா இத பாரு." ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினாள். குச்சி ஐஸெல்லாம் உருகி, மறுபடி உறைந்து, கவருக்குள்ளேயே தட்டையாகச் சாய்ந்து கிடந்தது. "தயிரு மட்டும் இன்னா, தப்பிச்சிருக்குமா? பாலு, தயிரு, பன்னீரு எல்லாம் குப்பைக்குத்தான்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. "பச்சடிக்குத்தாம்மா, லேசா புளிச்சா பரவால்ல. பொண்ணு மாசமா இருக்கா, சோறு போட்டுக்கினு காத்துக்கினு இருக்கா. நேத்து வெச்ச கோழிக்கொழம்பு..."

"நேத்து வெச்சதா? எதுல வெச்சிருந்த?"

"ஃப்ரிட்ஜுலதான்."

அவள் ஐஸ் பெட்டியை மூடினாள். பிறகு கேட்டாள். "ஏன்க்கா, உங்க ஊட்டு ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனியா கரண்ட்டு வந்துச்சா?"

நான் துடைத்துப்போட்ட இட்லி மாவு அப்போதுதான் கண் முன்னால் வந்தது. நன்றாகக் குளிர்ந்திருக்கும் ஃப்ரிட்ஜில் மாவு அப்படிப் பொங்குமா? எத்தனை வருடமாக மாவு அரைக்கிறேன்! போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஓடினேன். மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவள் நான், அன்று தெருவே பார்க்க ஓடினேன்.

என் மகள் நாற்காலியில் சாய்ந்து, வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தொடைக்கறி. சூடாக இருந்ததால் வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

தட்டைப் பிடுங்கினேன். குழம்பு அவள் நைட்டியெல்லாம் கொட்டியது. "வாயில வெச்சியா? சொல்லுடி, ஒரு வாயாவது வெச்சியா?" என்று கத்தினேன்.

"இல்லம்மா, சூடா இருக்குன்னு... இன்னாம்மா நீ! நேத்தும் சாப்பிட உடல, இன்னிக்கும் சாப்பிட உடல!" என்று குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டாள்.

கொட்டிவிடலாம் என்று குண்டானைக் கொல்லைப்புறம் வைத்துவிட்டு, அவளைச் சமாதானப்படுத்தி, உப்புமா கிண்டப் போனேன். அதற்குள் என் கணவர் வேலையிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "கொதிக்க வெச்சா எந்தக் கிருமி பொழைக்கும்? கடக்காரி சொன்னாளாம், இவ நாட்டுக்கோழியக் கொட்றாளாம்! படிச்சவ பண்ற வேலையா இது?" நான் அடுப்பைப் பார்ப்பதற்குள் ஒரு கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டும் விட்டார். "பாரு, தேவாமிர்தம்" என்று விரலை நக்கிக் காட்டினார்.

பொழுது விடிவதற்குள் அவரைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வாந்தியும் பேதியும் நிற்கவேயில்லை. சர்க்கரை நோய் வேறு. முகமெல்லாம் வெளுத்து, நிற்க முடியாமல் என் தோளில் சாய்ந்துகொண்டார். டிரிப்ஸ் ஏறிக் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் டாக்டரம்மா எல்லாம் கேட்டார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் கக்கிவிட்டுப் போகிற விஷம் கொதித்தாலும் போகாது என்றார். கரண்ட் போனது ஒன்று, நான் அதை அத்தனை நேரம் வெளியே ஆறவிட்டதும், குண்டானோடு வைத்ததும் இன்னொன்று. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகுமாம்.

"வேற யாரு சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. பொண்ணு சாப்பிட இருந்தா" என்றேன். டாக்டர் நிமிர்ந்து, கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளைப் பார்த்தார். நான் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

அவர் தேறி வீட்டுக்கு வந்ததும், பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கூடவே அவரும் வந்தார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"நான் இன்னாக்கா பண்ணேன்? தயிர் இல்லன்னு சொன்னேன், அவ்ளோதானே."

"அத்தனையும் கொட்னியே, நஷ்டம் இல்லியா?" என்று என் கணவர் கேட்டார்.

"டப்பு போனா வரும் அண்ணே. புதுக்கட. மொத மாசத்துலயே எவன் வயித்தையாவது கெடுத்தேன்னு பேர் வாங்கினா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஒக்கார்றது?" என்றாள். அப்புறம் என்னிடம், "கொழந்த பொறந்தா மொதல்ல இங்கதான் தூக்கினு வரணும்" என்றாள். அப்படியே செய்தோம். பேத்தி.

இப்போதும் கோழி எடுக்கிறோம், மிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் அகலமான சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து, டாக்டர் சொன்னபடி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். மறுநாள் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்கவிடுவேன். சில நாள் எலும்பை நீக்கிப் பிய்த்துப்போட்டு, மிளகு தூவி வறுத்துத் தோசைக்கு வைப்பேன். சூடு பண்ணியதைத் திரும்ப உள்ளே வைப்பதில்லை. வெளியே போய்விட்டு வந்தால், எதைத் தொடுவதற்கு முன்னாலும் மாவு டப்பாவைப் பார்ப்பேன். என் கணவர் என்னை முந்திக்கொண்டு பார்ப்பார். கரண்ட் எவ்வளவு நேரம் போனதென்று தெரியாவிட்டால், யோசிக்காமல் கொட்டுவதும் அவர்தான்.

பேத்திக்கு இப்போது பருப்புச் சோறு ஊட்டுகிறோம். பிசைந்த சோற்றை விரல் நுனியில் எடுத்து, என் மகள் வாயைக் குவித்து ஊதும்போதெல்லாம் அன்று தொடைக்கறியை ஊதிக்கொண்டிருந்தவள் என் கண் முன்னால் வந்து போகிறாள். அந்த ஒரு நொடியில், தெருமுனையில் ஒரு பெண் எனக்கு விற்க மறுத்த தயிரை நினைத்து மனதுக்குள் கைகூப்பிக்கொள்கிறேன்.