பூச்சி என்றால் ஓடி வா

எங்கள் ஊரில் நாய் வளர்ப்பது பாதி வளர்ப்பு, பாதி பீற்றல். அதிலும் ராஜபாளையத்து வெள்ளை நாய் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை மதுரை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இந்த நாய்களின் வீரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த என் வீட்டுக்காரர், திருமங்கலம் தாண்டியும் நிறுத்தவில்லை. அந்த மனிதர் தூங்கிப் போனார். இவர் மிச்சத்தை என் பக்கம் திரும்பிச் சொல்லி முடித்தார்.

எவ்வளவு நேரம் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான்: நம்ம நாய் பின்வாங்காது.

பின்வாங்காமல்தான் எங்கள் முதல் நாய் செத்தது. அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. வீடும் அதற்குள்ளேயேதான். ஒருநாள் காலையில் மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்து, குக்கர் மாதிரி சீறியது. நாய் விலகவில்லை. மூக்கில் கடி வாங்கியது. விஷமுறிவு ஊசி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாட்டு டாக்டரிடம் இருக்கும் என்றார்கள். காரில் போட்டுக்கொண்டு பறந்தோம். பாதி வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டது.

வீட்டுக்காரர் அழுதார். ஆனால் துக்கம் கேட்க ஆள் வரத் தொடங்கியதும் அழுகை வேறு மாதிரி ஆகிவிட்டது. கடைசி வரைக்கும் ஓர் அடி பின்னால் வைக்கவில்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஓர் அடி பின்னால் வைத்திருந்தால் அது அந்நேரம் வாசலில் படுத்து, வந்தவர்களின் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்த குட்டி வந்தது. இதுவும் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். மடியில் வாங்கின நிமிஷமே முடிவு செய்தேன், இதற்கு ஓடக் கற்றுக்கொடுப்பது என்று. வீரத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அவருக்கு மானம் போய்விட்டது. “ஓடப் பழக்குறேன்னு வெளிய சொல்லிறாத. பொறவு நான் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது,” என்றார்.

போனில் வீடியோக்களைப் பார்த்துத்தான் படித்தேன். முதலில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்குப் போனபோது திருவிழாக் கடையில் ஒரு ரப்பர் பாம்பு வாங்கி வந்து, நைலான் கயிற்றில் கட்டி இழுத்தேன். குட்டி அதைத் துண்டு துண்டாகக் கடித்து, வாலை வீட்டுக்காரரின் காலடியில் கொண்டுபோய் வைத்தது. அவர் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார்.

பிறகுதான் வாசனையில் பழக்க வேண்டும் என்று தெரிந்தது. தோப்பின் கல்குவியலில் பாம்புச் சட்டைக்குப் பஞ்சமில்லை. அது விரியனுடையதா, பாவப்பட்ட சாரையுடையதா என்று என்னால் சொல்ல முடியாது. அகப்பட்டதையெல்லாம் பொறுக்கி, பால்கோவா டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி மரத்தடியில் வைத்தேன். குட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போகும்போது தூரத்திலிருந்து ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். திரும்பி என்னிடம் ஓடி வந்தால் வேகவைத்த கோழி ஈரல் கிடைக்கும். என் நைட்டிப் பையில் ஈரல் வாடை வந்தது அப்போதுதான். இன்னும் போகவில்லை.

எந்தச் சொல் என்பதில்தான் சறுக்கினேன். பாம்பு என்றே பழக்கியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள், கூப்பிட்டால் வந்துவிடுமாம். பூச்சி என்றுதான் சொல்வோம். படியில் பூச்சி கிடக்கிறது என்றால் பகலில் விளக்குமாற்றை எடுப்போம், இருட்டிவிட்டால் கம்பை எடுப்போம். பின்வாங்காத வம்சத்தைப் பற்றி அவ்வளவு பேசும் என் வீட்டுக்காரரும் ஆறு மணிக்கு மேல் அந்தச் சொல்லிடம் பின்வாங்கிவிடுவார். ஆபத்து வந்தால் இவர்கள் வாயில் எது வருமோ அதைத்தானே நாய்க்குச் சொல்லித்தர வேண்டும்? பூச்சி என்றே பழக்கினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

குட்டி நன்றாகப் படித்தது. நாங்கள் பிழைப்பதே மாமரத்தில் என்பதை நான்தான் மறந்துவிட்டேன். பூ வைக்கும் காலத்தில் தோப்பில் வேறு பேச்சே கிடையாது. பூச்சி விழுந்திருக்கு, பூச்சிமருந்து அடிக்கணும், போன தடவை அடித்த மருந்துக்குப் பூச்சி சாகலை. ஒவ்வொரு பூச்சிக்கும் நாய் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து என் பையை முட்டியது. மருந்துக்கடைக்காரர் பூங்கொத்தை விரித்துப் பார்த்து, “தத்துப்பூச்சி நிறைய இருக்கு அண்ணாச்சி,” என்று சொன்ன அடுத்த நொடி, அவர் காலுக்கிடையில் புகுந்து ஓடியது. நெல் அளவு கூட இல்லாத பூச்சிக்கு உங்கள் நாய் இந்த ஓட்டம் ஓடுகிறதே என்று அவர் சிரித்தார். வீட்டுக்காரர் அன்று டீக்கடைக்கே போகவில்லை.

தடுப்பூசிக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் போனபோது அவர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா என்று சாதாரணமாகக் கேட்டார். மேஜையிலிருந்து என் தோளுக்கு ஒரே தாவல். ஊசி எங்கே போனது என்று எல்லோரும் குனிந்து தேடினோம்.

சொல்லை மாற்றிப் பழக்க எனக்குப் பொறுமை இல்லை. நாய்க்குப் பதிலாக மனிதர்களைப் பழக்கினேன். என் காம்பவுண்டுக்குள் பாம்பைத் தவிர எதையும் பூச்சி என்று சொல்லக் கூடாது. அது வெறும் மருந்து, இது வெறும் தத்து, கரப்பான் வெறும் கரப்பான். தவறிச் சொன்னவர்களை முறைத்தேன். அதிகம் முறைக்கப்பட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் மழை விட்ட ஒரு சாயங்காலம், நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மோட்டாரை நிறுத்தப் போனார். நாய் அவருக்கு முன்னால் போனது. ஹோஸ் பைப் ஓரத்தில் அது சட்டென்று நின்று கழுத்தை நீட்டியது. முதுகு மயிர் சிலிர்த்துவிட்டது. அந்தச் சீறல் கொடி வரைக்கும் கேட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. ஈரல் ஊட்டிப் பழக்கிய அத்தனையும் மறந்து, அது ஓர் அடி முன்னால் வைத்தது.

“பூச்சி!” என்று அவர் கத்தினார். அந்த மனிதரின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

நாய் ஒரு கணம் தடுமாறித் திரும்பி, வெட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது. அங்கே விரியனுக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அவர் அசையாமல் நின்றார். செத்த நேரம் சீறிவிட்டு அது கல்குவியலுக்குள் போய்விட்டது. நான் ஈரத் துணியோடு நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது என் பையை முட்டிக்கொண்டே இருந்தது.

அவர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார். நாயின் மூக்கைத் தடவிக் கடி இருக்கிறதா என்று பார்த்தார். பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“பூச்சிக்கு இல்லட்டி,” என்றார். “இது ஓடாம நின்னுருமோன்னுதான் பயந்தேன்.”

மறுநாள் டீக்கடையில், எங்க நாய் ஓடிருச்சு, என்னா ஓட்டம் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.