மூன்று நாட்டுக் கொச்சை

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்பாலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. உடனே மேனேஜர் கேன்டீனில் எங்களுக்குக் கொச்சை ஆங்கிலம் கற்பிக்க ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டை லண்டனில் 'க்ரப்' என்பார்களாம், அமெரிக்காவில் 'சௌ', ஆஸ்திரேலியாவில் 'டக்கர்'.

"நாஷ்டா துன்னலாமான்னு கேட்டா ஆவாதா சார்?" என்றார் கிரேன் ஓட்டும் அண்ணன்.

"அந்த அசிங்கம் புடிச்ச பாஷையெல்லாம் ஊட்டோட வச்சிக்க" என்று மேனேஜர் முகத்தைச் சுளித்தார். ஆள் பொன்னேரிக்காரர், அவர் வீட்டிலும் அதே பாஷைதான்.

வந்தவர்கள் கொரியாக்காரர்கள். ஆங்கிலமே அரைகுறை. எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுவைக்கக்கூட அந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. அண்ணன் வயிற்றைத் தட்டி, "நாஷ்டா?" என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே எங்களோடு இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மூன்று நாட்டுக் கொச்சையும் கற்பித்த மேனேஜர், வாயைத் திறக்காமல் எல்லோருக்கும் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார்.